எந்த ராஜாகூட வந்தோம்?

ஆனைமலைப் பக்கம் எங்கள் வளவில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் ஒரு நாள் கேட்டான்: "அண்ணா, நாம எந்த ராஜாகூட வந்தோம்?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கூடப் படிக்கிற ஒருத்தன் அவனிடம், "நாங்க சோழன் காலத்திலிருந்து இங்க இருக்கறோம், நீங்க நாயக்கன்கூட வந்தவங்க" என்று சொல்லியிருக்கிறான். இவனுக்குப் பதில் தெரியவில்லை. மூஞ்சி சுண்டிப்போய் வந்து நின்றான்.

எனக்கும் அன்றைக்குச் சட்டென்று வாய் வரவில்லை. பதில் சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் 'கேள்வியே தப்புடா' என்று பதினைந்து வயசுப் பையனுக்கு எப்படிப் புரியவைப்பது? இது அவனுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில். அவனை அப்படிக் கேட்கவைத்த எழுத்துகளைப் பற்றிய விமர்சனமும்கூட.

தமிழில் சரித்திரம் எழுதுவதென்றால் ராஜாவுக்குக் குடை பிடிப்பது என்றாகி வெகுகாலமாயிற்று. கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதியது 1950 முதல் 1954 வரை. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. 2022லும் 2023லும் பொன்னியின் செல்வன் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தது. 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் சோழர் பெயரைச் சொல்லிச் செங்கோல் வைத்தார்கள். 2025 ஜூலையில் ராஜேந்திரனின் கடல் படையெடுப்புக்கு ஆயிரம் வருசம் என்று கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா நடந்தது. பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார். ஆடித் திருவாதிரையை மாநில அரசும் அரசு விழாவாகக் கொண்டாடுகிறது. தில்லிக்கும் சென்னைக்கும் ஆயிரம் சண்டை உண்டு. ராஜாவுக்குக் குடை பிடிப்பதில் மட்டும் சண்டையில்லை, யார் முன்னால் பிடிப்பது என்கிற போட்டிதான்.

'கடாரம் வரை போனோம், கங்கை வரை போனோம்' என்று பேசுகிறார்களே, அந்த 'போனோ'மில் யார் யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 2019 ஜூனில் திருப்பனந்தாளில் ஒரு கூட்டத்தில், ராஜராஜன் காலத்தில்தான் எங்கள் நிலம் பறிபோனது என்று இயக்குநர் பா. ரஞ்சித் பேசினார். போலீஸ் வழக்குப் பதிந்தது. செத்து ஆயிரம் வருசம் ஆன ராஜாவைப் பற்றிப் பேச உயிரோடிருக்கிற ஒருத்தர் முன்ஜாமீன் வாங்க வேண்டியிருந்தது. பேரரசு எதுவரை நீண்டது என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

வரலாற்றாசிரியர்கள் இந்த எல்லைப் பிரச்சினையை வேறு விதமாக விவாதித்திருக்கிறார்கள். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930களில் எழுதிய சோழர் வரலாறு, வலுவான அதிகார வர்க்கமும் பெரும்படையும் கொண்ட ஒரு மத்திய சாம்ராஜ்யத்தைக் காட்டியது. பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் வந்த நூலில் இதை மறுத்தார். சோழனின் நேரடி அதிகாரம் காவிரிப் படுகை போன்ற மையப் பகுதியில்தான், வெளியே போகப் போக அது பெயரளவு மரியாதைதான், உண்மையான அதிகாரம் அந்தந்த நாட்டாரிடம் இருந்தது என்றார். நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் அதிகாரிகள், வரிகள், நில உடைமை ஆகியவற்றை எண்ணிக் கணக்கெடுத்து, ராஜராஜன் காலத்தில் மையத்தின் பிடி இறுகியதைக் காட்டினார்கள். ஜார்ஜ் ஸ்பென்சர் 1983இல், இலங்கைக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் போன படையெடுப்புகளில் கொள்ளைதான் முக்கியம் என்று வாதிட்டார்.

இவை படிக்க வேண்டிய வாதங்கள்தான். தோழர்கள் படிக்க வேண்டும். ஆனால் இவற்றில் பெரும்பகுதி ராஜாவின் கை எதுவரை எட்டியது என்று மேலேயிருந்து அளக்கிறது. அந்தக் கை யார் தலையில் போய் உட்கார்ந்தது என்று கீழேயிருந்து அளந்தால் வேறு வரைபடம் கிடைக்கும். அதற்கும் அவர்கள் வெட்டிவைத்த கல்லே போதும்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010 வாக்கில் முடிந்தது. அந்தக் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. வேலியைப் பின்னத்துக்கும் பின்னமாக அளந்தவர்கள் அவர்கள். வரி இல்லாத இடங்களை முதலில் கழிக்கிறார்கள்: ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு முந்தின அரசாங்கப் பதிவேட்டில் நத்தம் வேறு, சேரி வேறு. ராஜராஜன்தான் சேரியைக் கண்டுபிடித்தான் என்று நான் சொல்லவில்லை. இருந்த சேரியை அளந்தான், கணக்கில் ஏற்றினான், கோயில் சுவரில் வெட்டினான். அதற்குமேல் ஒரு அரசு என்ன செய்ய வேண்டும்?

இனி கொங்குக்கு வருவோம். சோழர்கள் கொங்கைப் பிடித்து அதிராசராச மண்டலம் என்றும் வீரசோழ மண்டலம் என்றும் பெயர் வைத்தார்கள். பிறகு கொங்குச் சோழர்கள் என்று தனிக்கிளையாக ஆண்டார்கள். கொங்கு 24 நாடுகள் என்று சொல்லும் மரபுப் பட்டியலில் எங்கள் ஆனைமலை நாடும் ஒன்று. இந்தக் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று கரூர்க் கோயிலிலும், அதே மாதிரி பேரூரிலும் வேறு சில ஊர்களிலும் இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ராஜா கம்மாளர்களுக்கு உத்தரவு போடுகிறான். கரூர்க் கல் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு. இனிமேல் உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே போகும்போது காலுக்குச் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வளவுதான் சாரம்.

இந்தக் கல்லைக் காட்டி, 'பார்த்தாயா, சோழன் எவ்வளவு தாராளம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அனுமதி கொடுக்கிறான் என்றால் அதற்கு முன்னால் தடை இருந்தது என்றுதானே அர்த்தம்! தாலிக்குப் பொன்னடித்தவன், கலப்பைக்குக் கொழு காய்ச்சியவன், கோயிலுக்குக் கல் செதுக்கியவன்: அவன் செருப்புப் போடவே ராஜாவின் ஓலை வேண்டியிருந்தது. அப்படியென்றால் அந்தச் செருப்பைத் தைத்தவனுக்கு? அவனுக்கு இப்படியொரு கல்லை நான் பார்த்ததில்லை.

அவன் என் அப்புச்சி. பண்ணாடி வீட்டுக்குச் செருப்புத் தைத்தவர். கவலை இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல் வால் தைத்தவர். வருசத்துக்கு ஒருதரம் களத்தில் நின்று கம்போ சோளமோ வாங்கி வருவார். தான் தைத்த செருப்பைத் தான் போட்டுக்கொண்டு வளவு எல்லை வரைக்கும் நடப்பார். ஊர்த்தெரு முனை வந்ததும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். "ஏன் அப்புச்சி?" என்று கேட்டதற்கு, "அங்கெல்லாம் போடக்கூடாது கண்ணு, அது எப்ப இருந்தோ அப்படித்தான்" என்றார். அந்த 'எப்ப இருந்தோ'வுக்கு வருசம் போட எனக்கு ரொம்ப நாளாயிற்று. பேரூர்க் கோயில் சுவரில் அது பாதி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சோழன் போனான், பாண்டியன் வந்தான். ஹொய்சளன், விஜயநகரம், மதுரை நாயக்கன், மைசூர்க்காரன் என்று ஒவ்வொருத்தனாக வந்தான், போனான். 1799இல் திப்பு விழுந்தபின் கும்பெனிக்காரன் வந்தான். ஒவ்வொரு தரமும் வரைபடம் மாறியது. ஊர்த்தெரு முனையில் செருப்பைக் கழற்றுகிற அந்த எல்லை மட்டும் என் அப்புச்சி காலம் வரை ஒரு அடிகூட நகரவில்லை. எல்லா ராஜாக்களும் ஒருத்தருக்கொருத்தர் பத்திரமாகக் கைமாற்றிக் கொடுத்தது அந்த எல்லையைத்தான்.

இந்த இடத்தில்தான் 'எந்த ராஜாகூட வந்தோம்' என்ற கேள்வியின் விஷம் தெரிகிறது. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் பிரச்சாரத்தில் நாம் தமிழர் கட்சியின் சீமான், அருந்ததியர்கள் விஜயநகரப் பேரரசு காலத்தில் துப்புரவு வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்கிற பொருளில் பேசினார். எதிர்ப்புக் கிளம்பியது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. பேசியவர் ஒருவர், ஆனால் இந்தக் கருத்து ஒருவருடையது மட்டுமல்ல. டீக்கடையில் இருக்கிறது, முகநூலில் இருக்கிறது. 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டை எதிர்த்தவர்கள் சிலர் வாயிலும் இருந்தது. (2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது.) எங்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு, தமிழ் மட்டுமே தெரிந்தவர்களும் உண்டு. வீட்டில் பேசுகிற பாஷையை வைத்து எங்களை ஒரு பேரரசின் மூட்டை முடிச்சில் கட்டிவிடுகிறார்கள்.

இதற்கு நம்முடைய தோழர்கள் பலர், 'இல்லை, நாங்கள்தான் ஆதித்தமிழர்' என்று ஆதாரம் தேடக் கிளம்புகிறார்கள். ஆதாரம் கிடைக்காமல் போகாது. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் தோல்வாரும் ஊசியுமாகக் கட்டில் பின்னுகிற ஒருவன் வருகிறான். எந்தப் பேரரசும் இல்லாத காலத்துப் பாட்டு அது. அவன் வேலையின் வேகத்தைப் புலவன் வியக்கிறான். ஆனால் அவனைக் குறிக்கிற சொல் இழிசினன். அவன் என் பாட்டனா என்று எனக்குத் தெரியாது, உரிமை கொண்டாடவும் போவதில்லை. நான் பார்ப்பது வேறு. விஜயநகரத்துக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே இந்த மண்ணில் தோல்வேலை இருந்தது, அதைச் செய்தவனுக்கு இழிவும் இருந்தது. அந்த இழிவு தெலுங்கு மூட்டையில் வந்து இறங்கியதல்ல.

சரி, ஒரு பேச்சுக்கு, நாங்கள் நாயக்கனோடு வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வந்தால் என்ன? கொங்கின் நிலவுடைமைச் சாதிகளின் பட்டயங்களும் மரபுக் கதைகளும் என்ன சொல்கின்றன? தொண்டை மண்டலத்திலிருந்து வந்தோம், சோழன் காடு திருத்திக் குடியேற்றினான் என்றுதான் சொல்கின்றன. 'சோழன் பூர்வ பட்டயம்' என்றே ஒன்று அச்சில் இருக்கிறது. கொங்குக்குச் சோழன் எப்படி வந்தான், யார் யாரைக் கொண்டுவந்து எங்கெங்கே வைத்தான் என்பதுதான் அதில் கதை. ஆக அவர்களும் வந்தவர்கள்தான், அவர்கள் சொல்படியே. ஒரு பேரரசோடு வந்தவனுக்குக் காணியும் கோயில் மரியாதையும். இன்னொரு பேரரசோடு வந்ததாகச் சொல்லப்படுகிறவனுக்கு விளக்கமாறும் 'வந்தேறி' பட்டமும். வருகை ஒன்றுதான். இறக்கிவிட்ட இடம்தான் வேறு. அப்புறம் சோழன்கூட வந்த காடு திருத்தியவர்களில் மண்வெட்டி பிடித்தது யார், மரம் சாய்த்தது யார் என்று பட்டயம் சொல்லாது. பட்டயம் எழுதியவன் மண்வெட்டி பிடித்தவனல்ல.

நாயக்கர் ஆட்சி எங்களை எப்படி வைத்திருந்தது என்பதற்கு எங்களிடமே ஒரு கதை இருக்கிறது. அவன் பெயர் மதுரை வீரன். பாளையக்காரன் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனான். திருமலை நாயக்கனுக்காகக் கள்ளரை அடக்கினான். கடைசியில் அதே நாயக்கன் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். பேரரசுக்குச் சேவகம் செய்த எங்கள் ஆளுக்குக் கிடைத்த கூலி அது. ஆனால் அச்சில் வந்த கதைப்பாடலில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். வீரன் காசி ராஜாவுக்குப் பிறந்தவன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விட்டுவிட்டார்கள், சக்கிலியர் சின்னான் எடுத்து வளர்த்தான் என்று. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தையும் இந்த ராஜ பிறப்பை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இதே வேலையைக் கல்கியிடமும் பார்க்கலாம். பொன்னியின் செல்வனில் சேந்தன் அமுதன் என்று பூமாலை கட்டுகிற ஒருத்தன் வருகிறான். நல்லவன், பக்திமான், பதவி ஆசை இல்லாதவன். எனக்கு அந்தப் பெரிய நாவலில் பிடித்த ஆள் அவன்தான். கடைசியில் பார்த்தால் அவன்தான் கண்டராதித்தரின் உண்மையான மகன், அவனுக்கே மகுடம். பூக்கட்டுகிறவன் பூக்கட்டுகிறவனாகவே இருந்து பெருந்தன்மை காட்டக்கூடாதா? கூடாது. குணத்துக்குக் காரணமாக ரத்தத்தைக் காட்டியாக வேண்டும். நாட்டார் பாடலை அச்சிட்டவர்களும் நாவல் எழுதியவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

இந்தக் கட்சியில் இன்றைக்கு நம் பிள்ளைகளும் சேருகிறார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 'ஆண்ட பரம்பரை' என்று அவன் பிளக்ஸ் வைத்தால் நாமும் ஒரு ராஜாவைப் பிடித்துப் பக்கத்தில் பிளக்ஸ் வைக்கிறோம். பறையர், பள்ளர், அருந்ததியர் யாரும் இதற்கு விலக்கில்லை. இழிவு சுமத்தப்பட்டவனுக்கு ஒரு கிரீடம் கண்ணில் படும்போது வருகிற ஆசை எனக்கும் தெரியும், பரிகாசம் செய்யமாட்டேன். ஆனால் யோசியுங்கள். நாம் ஆண்டோம் என்றால் யாரை ஆண்டோம்? நம் ராஜாவின் ஊரில் யார் செருப்பைக் கழற்றினார்கள்? பேரரசு என்றாலே யாரோ ஒருத்தன் கக்கத்தில் செருப்பு இருக்கும்.

அப்படியானால் வெள்ளைக்காரன் சாம்ராஜ்யம் நமக்கு விடுதலையா என்று கேட்பார்கள். 'ஜாதி ஒழிப்பு' நூலில் 1936லேயே அம்பேத்கர் எழுதினார்: பேஷ்வாக்களின் புனேயில் தீண்டாதவன் இடுப்பில் விளக்குமாறு கட்டிக்கொண்டு தன் காலடியைத் தானே கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. 1818 கோரேகானில் பேஷ்வா படையோடு மோதிய கும்பெனிப் படையில் மகர்கள் நின்றார்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்குப் போனார். தேசியவாதி அங்கே இழந்துபோன ஒரு இந்தியப் பேரரசைப் பார்க்கிறான். மகர் அவிழ்ந்துபோன விளக்குமாற்றைப் பார்க்கிறான். இரண்டு கண்ணும் ஒன்றல்ல.

அதற்காக நாம் யூனியன் ஜாக்குக்குக் கும்பிடு போட வேண்டியதில்லை. எங்கள் மலையே சாட்சி. டாப்சிலிப் என்ற பெயரே, வெட்டிய மரத்தை உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால் வந்தது. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போனது. ஹியூகோ வுட் என்ற வன அதிகாரிக்கு அங்கே சமாதி இருக்கிறது. மரம் இழுத்த யானைகளோடு உழைத்த மலசர்களுக்குச் சமாதி இல்லை. மேலே வால்பாறைத் தேயிலைக் காட்டுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டு போன கதையை, அங்கே மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். கருப்பனும் வள்ளியும் முன்பணம் வாங்கி மலையேறுகிறார்கள். அந்தக் கடனுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் வாழ்க்கை போகிறது. 2000இல் வந்த பெருமாள்முருகனின் 'கூள மாதாரி' ஆடு மேய்க்கிற எங்கள் பிள்ளைகள் பண்ணையத்தில் அடமானமாய்க் கிடந்த கதை. சாம்ராஜ்யங்களின் பரப்பளவைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டு நாவல்களும் போதும். ராஜா ஒருத்தனும் இவற்றில் வரமாட்டான், ஆனால் அவன் எல்லை எதுவரை இருந்தது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

கடைசியாக எங்கள் ஊர்க்காரி ஒருத்தியைப் பற்றி. குறுந்தொகையின் 292ஆம் பாட்டில் பரணர் சொல்கிறார்: ஆற்றில் மிதந்து வந்த காயைத் தின்றதற்காக நன்னன் என்ற ராஜா ஒரு பெண்ணைக் கொன்றான். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொன்பாவையும் கொடுக்கிறோம் என்றார்கள். கேட்கவில்லை. அந்தப் பெண்தான் எங்கள் மாசாணி என்பது ஆனைமலையில் எல்லோரும் சொல்லும் கதை. கோயிலில் அவள் நிற்கவில்லை, உட்காரவில்லை, மயானத்தில் போட்டபடி மல்லாந்து கிடக்கிறாள். அநியாயம் நடந்தவர்கள் வந்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள்.

நன்னன் நாட்டின் எல்லை எதுவென்று இன்றைக்கு இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. கேட்பாரும் இல்லை. அவன் கொன்ற பெண்ணுக்கு நடக்க இடமில்லாத கூட்டம். ஜனங்கள் ஒரு ராஜாவை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நாவலாசிரியர்களுக்கும் விழாக் கமிட்டிகளுக்கும் முன்னாலேயே எங்கள் ஊர் முடிவு செய்துவிட்டது. அந்தக் கோயிலிலும் சாதி உண்டு, வரிசை உண்டு, அதெல்லாம் எனக்குத் தெரியும். மிளகாய் அரைத்தால் நியாயம் கிடைத்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் கல்லில் வெட்டியது ராஜாவின் ஞாபகம், கல்லில் அரைப்பது நம்முடைய ஞாபகம் என்று ஒரு வித்தியாசம் இருக்கிறது.

அதனால் தம்பி, அடுத்த தரம் அவன் கேட்டால் இப்படிச் சொல். "நாங்க எந்த ராஜாகூடவும் வரல. வந்த எல்லா ராஜாவுக்கும் செருப்புத் தைச்சது நாங்க. உங்க ராஜா எதுவரைக்கும் போனாரோ அதுவரைக்கும் எங்க தோல் தேய்ஞ்சிருக்கு." சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே அந்தத் தெருவழியாக வீட்டுக்கு வா. என் அப்புச்சியால் முடியவில்லை. நீ நடந்து வா. தனியாக நடக்கப் பயமாக இருந்தால் சொல், நாங்களும் வருகிறோம்.